ஒன்பதாம் எண் பனியன்

சனிக்கிழமை காலை, சைதுன்னிசா தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கதிர்வேலிடமிருந்து போன் வந்தது. அவள் கணவன் அக்பர் வழக்கம்போல அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வாயில் பிரஷ்ஷோடு நின்றான். அதனால் அந்தச் செய்தி அவன் காதில் விழுந்த அதே நேரத்தில் அவள் காதிலும் விழுந்தது. கேட்காமல் இருந்திருக்கலாமே என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டாள். கேட்காவிட்டால் மட்டும், வருகிற கார் அவர்கள் இருக்கும் வீரபாண்டிக்கு வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுமா என்ன?

கதிர்வேல் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அக்பரின் சின்ன யூனிட்டுக்கு வேலை கொடுக்கிறவன். தைத்து வரும் பனியன்களின் முதுகில் எண்ணையும் பெயரையும் சூட்டு மெஷினில் ஒட்டித் தருவதுதான் அங்கே வேலை.

"பாய், பையர் ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் பதினோரு மணிவாக்குல நேரா உங்க யூனிட்டுக்கே வர்றாங்க. அந்த ஒம்பதாம் நம்பர் பனியன் ஒண்ணு வெளிய போயிருக்குதுங்க. போட்டோ வந்திருக்குது. எந்த யூனிட்ல இருந்து போச்சோ, அவீங்களுக்கு இனித் திருப்பூர்ல ஒருத்தரும் வேலை குடுக்கக் கூடாதுன்னு எம்டி சொல்லிப்போட்டாரு. உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்லீங்க. சும்மா ஒரு பார்வைக்குத்தான். போட்டோவ அனுப்பி உடறேன், பாருங்க."

அக்பர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "தாராளமா வரட்டுங்க. என்ற யூனிட்ல இருந்து ஒரு நூல்கூட வெளிய போகாது" என்றான். போட்டோவைத் திறந்து பார்த்தான். "யாரோ சின்னப் புள்ள. முகம் தெரியல" என்று சொல்லி, போனை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

சைதுன்னிசா எட்டிப் பார்த்தாள். ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்து, குனிந்து எதையோ வாசிக்கிறாள். முதுகில் ஒன்பது. அதன் மேல் பச்சை ரிப்பன் கட்டிய ஒற்றைச் சடை. அந்தச் சடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் எடுத்த படம் என்று தெரியும். எடுத்தது யார் என்றும் தெரியும். எடுத்ததே அவள்தான். சந்தோஷம் தாங்காமல் போன வாரம் ஒரு நாள் அதை வாட்ஸாப் ஸ்டேட்டஸாக வைத்திருந்தாள். அங்கிருந்துதான் யார் யார் கைக்கோ போயிருக்கிறது.

தோசை கருகி வாடை வந்தபிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

அந்தப் பனியன் வெளிநாட்டுக் கால்பந்து கிளப் ஒன்றுக்கானது. அடுத்த சீசனுக்கு வரப்போகிற டிசைன். கிளப் தானே அறிவிக்கும்வரை வெளியே ஒரு கண்ணுக்கும் படக்கூடாது என்று ஆர்டர் வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். பெயர் ஒட்டுவதற்கு முன்பே எண் கோணலாக ஒட்டிப்போன பனியன்களை ரிஜெக்ட் என்று ஒதுக்கி, மார்புக்குக் குறுக்கே கத்தரியால் வெட்டி மூட்டை கட்டிவைக்க வேண்டும். யூனிட்டில் செக்கிங் பார்ப்பவள் சைதுன்னிசா. வெட்ட வேண்டியவளும் அவள்தான்.

பெரிய அளவுப் பனியன்களை வெட்டினாள். சின்னப் பிள்ளைகள் அளவில் வந்தவற்றை வெட்டக் கை வரவில்லை. கழுத்து லேபிளை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள். லேபிளை எடுத்துவிட்டால் அது யாருடைய சரக்கும் இல்லை என்பது திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சட்டம். ஊரில் பாதிப் பேர் உடுத்துவதே அப்படி லேபிள் போன துணியைத்தான். டிசைனே ரகசியம் என்கிறபோது லேபிளை வெட்டி என்ன பிரயோசனம் என்று அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை. இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி யாருக்கு லாபம்?

அவள் திருடியில்லை. விற்கவும் இல்லை. ஒவ்வொரு பனியனையும் ஒவ்வொரு புத்தகத்துக்குக் கொடுத்தாள்.

பின்தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு சாயங்காலம் தன் வீட்டு முன்னறையில் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். அக்பர் யூனிட்டை மூடிவிட்டு வருவதற்குள் பிள்ளைகள் போய்விடும். அப்பனும் ஆத்தாளும் கம்பெனியில் இருந்து வரும்வரை தெருவில் சுற்றுகிற பிள்ளைகள் அவர்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒருவனுக்கு வயிறு வலிக்கும், இன்னொருத்திக்கு அம்மா கூப்பிடுவது கேட்கும். அந்த அம்மா கம்பெனியில் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே இருப்பாள். இதுகளுக்கு எது பிடிக்கும் என்று பார்த்தபோது, பந்தையே காலால் தொட்டிராத பிள்ளைக்குக்கூட தெலானோவைத் தெரிந்திருந்தது. அந்தக் கிளப்பின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன். போனில் அவன் கோல் போடுவதைப் பார்த்துப் பார்த்துத் திரையையே தேய்த்திருந்தார்கள்.

ஒரு நாள் பேப்பரில் அவனைப் பற்றி ஒரு செய்தி வந்தது. பத்து வயதுவரை தனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்றும், இப்போது ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பதாகவும் அவன் சொல்லியிருந்தான். சைதுன்னிசா அதைத் தானே வாசித்துச் சொல்லவில்லை. "தெலானோ என்னமோ சொல்லியிருக்கான், எனக்குக் கண்ணாடி இல்ல, யாராச்சும் படிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஏழெட்டுத் தலைகள் பேப்பரின் மேல் கவிழ்ந்தன.

அன்றிலிருந்து விளையாட்டுப் பக்கம்தான் பாடம். டம்ளரை மைக்காகப் பிடித்து கமென்டரி வாசித்தார்கள். பந்து தங்கள் காலுக்கு வந்தால் என்ன செய்வோம் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதினார்கள். நித்தீஷ் என்கிற பையன் ஒரே பக்கத்தில் பதினோரு கோல் போட்டான். பிறகு அவள் ஒரு விதி சொன்னாள். ஒரு புத்தகத்தை ஒரு பிழையும் இல்லாமல் சத்தமாக வாசித்து முடித்தால் ஒன்பதாம் எண் பனியன்.

அந்தப் படத்தில் இருக்கிற பச்சை ரிப்பன்காரி தேஜஸ்ரீ. எட்டு வயது. வாசிக்கும்போது ஒரு எழுத்துத் தவறினால் போதும், பயந்து வாயை மூடிக்கொள்வாள், பிறகு அன்று முழுக்கத் திறக்க மாட்டாள். அவள் சிக்கி நிற்கும்போது சைதுன்னிசாவை நிமிர்ந்து பார்ப்பாள். இவள் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாள். அப்படியே மாதக்கணக்கில் போய், போன வாரம் ஒரு குட்டிப் புத்தகத்தை யாரும் எடுத்துக் கொடுக்காமல் கடைசிவரை வாசித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் எடுத்த படம்தான் இப்போது குடும்பத்தின் கழுத்துக்குக் கத்தியாக வந்து நிற்கிறது.

அக்பரிடம் சொல்லிவிடலாமா என்று குளியலறைக் கதவுவரை போனாள். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்ததுமே திரும்பிவிட்டாள். யூனிட் போட வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. இந்தக் கம்பெனி வேலையை நம்பித்தான் ரெண்டாவது மெஷினே இறக்கினான். ஒரு கட்டைப் பையை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

லைன் வீட்டில் நித்தீஷ் வாசலிலேயே பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

"கண்ணு, அத அவுத்துக் குடு."

"எதுக்குக்கா? நான்தான் தப்பில்லாமப் படிச்சேனே."

"படிச்சடா சாமி. முதுகுல உன்ற பேரும் போட்டுத் தர்றேன். அதுக்குத்தான்."

எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ, வந்த வேகத்தில் நித்தீஷ் கழற்றிக் கொடுத்துவிட்டான். கொடுத்ததோடு நிற்காமல், "ஏய், சைதுக்கா பேரு போட்டுத் தருதாம்" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான். பிள்ளைகள் தாங்களாகவே கொண்டு வந்து பையில் போட்டன. எந்த எழுத்தில் பேர் போட வேண்டும், தமிழிலா இங்கிலீஷிலா என்று ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல, அவள் சரி சரி என்று தலையாட்டினாள். இந்த முகங்களை இனி எப்படிப் பார்ப்பது என்று இருந்தது. ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

எல்லாம் வந்துவிட்டது. தேஜஸ்ரீயுடையது மட்டும் வரவில்லை.

தேஜஸ்ரீயின் அம்மா மயிலாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்தாள். கதவைத் தட்டியதும் தூக்கத்தோடு எழுந்து வந்தாள்.

"அவ மாவரைக்க மில்லுக்குப் போயிருக்கா. அந்தப் பனியன அவுக்கவே மாட்டேங்கா. துவைக்கக் கேட்டாக்கூடத் தர மாட்டேங்கா. என்ன விசயம்க்கா?"

"ஒண்ணுமில்ல மயிலு. வந்தா என்னையப் பாக்கச் சொல்லு."

பழக்க தோஷத்தில் வாயில் வந்த வார்த்தை அது. பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால் எப்போதும் சொல்லிவிட்டு வருவதுதான். சொல்லிவிட்டு மாவு மில்லைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள். மில் மெயின் ரோட்டில் இருக்கிறது. யூனிட்டுக்கு வருகிற கார் அந்த ரோட்டில்தான் வந்தாக வேண்டும். முதுகில் ஒன்பதோடு ஒரு பிள்ளை மாவுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு அதே ரோட்டின் ஓரத்தில் நடந்து போவது கண் முன்னால் தெரிந்தது. கடந்து போன ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மில்லில், இப்போதுதான் போனாள் என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் போன் அடித்தது. அக்பர்.

"எங்க இருக்கற? மேடம் முன்னாடியே வந்துட்டாங்க. ரிஜெக்ட் பாக்கறது யாரு, அவங்களப் பேசச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. வெரசா வா."

கட்டைப் பையை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முகத்தை ஒருதரம் கழுவிக்கொண்டு யூனிட்டுக்குப் போனாள். வழியெல்லாம் உதடு துஆ ஓதியது. எதை வேண்டிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். பெங்களூரு ஆபீஸ் ஆள் என்றாலும் தமிழ் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதிர்வேல் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்பர் இளநீர் வாங்கிவைத்திருந்தான். அதை யாரும் தொடவில்லை.

"ரிஜெக்ட் எல்லாம் கட் பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சுங்க மேடம்."

"எல்லாமேவா?"

"எல்லாமேங்க."

வெட்டுத் துணி மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். மேடம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விரித்தாள். எல்லாம் பெரிய அளவு. "சின்ன சைஸ் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலையா?" என்றாள். அக்பர் முந்திக்கொண்டு, "சின்ன சைஸ் ஓட்டறப்ப நானே மெஷின்ல நிப்பனுங்க, அதுல தப்பு வராது" என்றான். அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு சைதுன்னிசாவுக்கு அழுகை வந்தது. தன்னை நம்பி அந்த மனுசன் என்னவெல்லாம் பேசுகிறான்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கவுனுக்கு மேலே ஒன்பதாம் எண் பனியன். பச்சை ரிப்பன். மாவுத் தூக்கை வீட்டில் வைத்துவிட்டு, போன வாரம் வாசித்த குட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சைதுக்கா கூப்பிட்டதாக அம்மா சொன்னதை நம்பி நேராக யூனிட்டுக்கே வந்துவிட்டாள் தேஜஸ்ரீ. உள்ளே புது ஆட்களைப் பார்த்ததும் திகைத்து, போய்விடலாமா என்று முதுகைத் திருப்பினாள். முதுகைத் திருப்பாமலாவது இருந்திருக்கலாம்.

மேடம் தன் போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிள்ளையின் சடையைப் பார்த்தாள். "இங்க வா" என்றாள்.

மெஷினில் இருந்த ஆட்களும் கையை எடுத்துவிட்டார்கள். யூனிட்டைச் சிபாரிசு செய்தவன் கதிர்வேல்தான், அவன் வேலையும் இதில் இருக்கிறது. குனிந்து பிள்ளையின் தோளைப் பிடித்தான்.

"பாப்பா, இத எங்க எடுத்த? வெட்டறதுக்கு வெச்சிருந்த மூட்டையில இருந்து எடுத்துட்டுப் போனியா? சொல்லு, அடிக்க மாட்டோம்."

அக்பர் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றான். பிறகு, கிடைத்த அந்த ஒரு வழியை அவனும் பிடித்துக்கொண்டான். "ஆமாங்க மேடம். லைன் ஊட்டுப் புள்ளைங்க, மத்தியானத்துல இங்கதான் சுத்தும். மூட்டைல கைய உட்டு எடுத்திருக்கும். நாங்க கவனிக்கல, அது எங்க தப்புத்தான்."

"திருடுனியா?" என்று மேடம் கேட்டாள். கடிந்து கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தேஜஸ்ரீ வாயைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்தி சைதுன்னிசாவைப் பார்த்தாள். வாசிக்கும்போது சிக்கினால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படியே பார்த்தாள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தாள்.

சைதுன்னிசா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பிள்ளை ஆமாம் என்று தலையாட்டிவிடும், பயந்த பிள்ளை எதற்கும் தலையாட்டும். நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடுவார்கள். மெஷின் ஓடும், அக்பர் தலை நிமிர்ந்து நடப்பான். லைன் வீட்டில் மட்டும் நாளையிலிருந்து தேஜஸ்ரீ திருட்டுப் பிள்ளை. அவ்வளவுதானே என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. அப்படிச் சொன்ன தன் மனசைக் கண்டுதான் அவள் காலையிலிருந்து பட்ட பயத்தையெல்லாம்விட அதிகமாகப் பயந்து போனாள்.

"அது திருடலீங்க" என்றாள். "நான்தானுங்க குடுத்தேன்."

"சைது" என்றான் அக்பர்.

"சின்ன சைஸ் எதையும் நான் வெட்டலீங்க மேடம். லேபிள மட்டும் எடுத்துட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்தேன். தெலானோ பேரச் சொன்னாத்தான் படிக்குதுங்க. ஒரு புஸ்தகம் தப்பில்லாமப் படிச்சா ஒரு பனியன். இவருக்கு எதுவுமே தெரியாதுங்க. அந்தப் போட்டோவும் நான் எடுத்ததுதான். மிச்சமெல்லாம் ஊட்டுல ஒரு பையில வெச்சிருக்கறேன், கொண்டாந்து தந்தர்றேன்."

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது காலில் விழுந்திருக்கலாம். "எனக்கும் இந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கா" என்றாள். "புத்தகம்னாலே ஓடுவா. நீங்க செஞ்சது எனக்குப் புரியுது. ஆனா ரிப்போர்ட்டுல உள்ளதைத்தான் எழுதணும். கதிர்வேல், இங்க இருக்கிற சரக்கு எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்திடுங்க. வேற யூனிட் பாருங்க."

அக்பர் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளைத் திட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. சூடாக இருந்த மெஷினை யாரோ சுவிட்சைத் தட்டி அணைத்தார்கள்.

"இதை இப்பவே கட் பண்ணணும்" என்றாள் மேடம். "என் முன்னாடி. போட்டோ எடுக்கணும்."

சைதுன்னிசா பிள்ளையின் முன்னால் மண்டி போட்டாள். "கையத் தூக்கு கண்ணு" என்றாள். தேஜஸ்ரீ கையைத் தூக்கினாள். பனியன் தலைவழியாக வந்தது, சடையிலிருந்த ரிப்பன் அவிழ்ந்து கீழே விழுந்தது. இன்னும் உடம்புச் சூடு ஆறாத பனியனை மேசைமேல் விரித்து, கத்தரியை எடுத்து மார்புக்குக் குறுக்கே வெட்டினாள். நல்ல துணி. எளிதில் வெட்டுப்படவில்லை. ரெண்டு தரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்ட வேண்டியிருந்தது. மேடம் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

தேஜஸ்ரீ அழவில்லை. ஆர்டர் என்றால் என்ன, ரிப்போர்ட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. பனியன் எதற்குக் கிடைத்தது என்று மட்டும் தெரியும். துண்டாகக் கிடந்ததைப் பார்த்தாள். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"நான் எங்கக்கா தப்பாப் படிச்சேன்?"

"நீ தப்பே படிக்கல கண்ணு. அக்காதான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

பிள்ளை நம்பவில்லை. வெட்டின பனியன் கண்ணெதிரே கிடக்கும்போது எப்படி நம்பும்? புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, வரியின் கீழே விரலை வைத்துக்கொண்டு, அந்தப் புது ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், போன வாரத்தைவிட மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.